ஒரிஜினல் சிப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பயோஸ் ஏற்றியது: ஒரு எச்61 கணினியின் நிகழ்வு ஆய்வு

கணினி 2011-ல் வாங்கியது. எச்61 சிப்செட் போர்டு, ஐ3-2100 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், விண்டோஸ் 7. சிவகாசியில் ஒரு டிடிபி கடையில் இன்றைக்கும் தினமும் ஓடுகிறது. அதில் ஐ5-3470 ப்ராசஸரைப் போட வேண்டும்; அதற்குப் போர்டின் பயோஸை, அதாவது கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டின் சிப்பில் இருக்கும் மென்பொருளை, புதிய பதிப்புக்கு ஏற்ற வேண்டும். எடுத்துக்கொண்ட வேலை இவ்வளவுதான். பயோஸ் ஏற்றுவதற்குப் பெரிய நேரம் பிடிக்கவில்லை. அதற்கு முன்னால் சிப்பில் இருந்ததை முழுதாகப் பேக்கப் எடுத்து, அந்தப் பேக்கப்பிலிருந்து கணினி உண்மையிலேயே எழுகிறதா என்று பார்த்ததில்தான் நேரம் போனது. இந்தக் குறிப்பும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

புதுக் கணினி ஏன் வாங்கவில்லை

கடைக்காரர் தமிழ் டைப்செட்டிங்குக்கு ஒரு பழைய மென்பொருளை வைத்திருக்கிறார். யூனிகோட் இல்லாத எழுத்துரு முறை. வருடக்கணக்கில் பேஜ்மேக்கரில் சேர்ந்த கல்யாணப் பத்திரிகை, பில் புக், நாட்காட்டிக் கோப்புகள் எல்லாம் அந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. அந்த மென்பொருளின் உரிமம் கணினியின் லேன் முகவரியோடு (நெட்வொர்க் இணைப்புக்கென்று உள்ள தனி அடையாள எண், மேக் முகவரி) பிணைக்கப்பட்டது. விற்றவர்கள் கடையை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றித் தர ஆள் இல்லை.

“தம்பி, பெட்டி மெதுவா ஓடினாக்கூடப் பரவாயில்ல. அந்த சாஃப்ட்வேர் மட்டும் தொறக்காமப் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?” என்றார். அவர் பயம் நியாயமானது. ஆடி 18-ல் அடுத்த வருடத்து நாட்காட்டி ஆல்பங்கள் வெளியாகிற ஊர் அது. அதிலிருந்து மார்கழி வரை கடைகளுக்கு மூச்சு விட நேரமிருக்காது. அதனால் பொங்கல் முடிந்து வேலை குறைகிற நாட்களுக்கு இதைத் தள்ளிவைத்தோம்.

மெதுவாக ஓடினால் பரவாயில்லை என்று அவர் சொன்னாலும் அதுவும் உண்மையில் பிரச்சினைதான். ஐ3-2100-க்கு இரண்டு கோர்தான். கோரல்டிராவில் பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு பிடிஎஃப் எடுத்தால் மவுஸ் நகராது. ஐ5-3470 நான்கு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் 3.6 வரை போகும். இரண்டுக்கும் சாக்கெட் ஒன்றே, எல்ஜிஏ 1155. பழைய மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கிறது. 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் சேர்த்தால் இந்தப் பெட்டி இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும்.

சாக்கெட் ஒன்றாக இருப்பதால் மட்டும் ப்ராசஸர் ஓடிவிடாது. ஐ3-2100 என்பது 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறை, 32 நானோமீட்டர். ஐ5-3470 என்பது 2012-ல் வந்த ஐவி பிரிட்ஜ், 22 நானோமீட்டர். எச்61 போர்டுகள் முதலில் வெளியானபோது ஐவி பிரிட்ஜே கிடையாது. அந்தக் காலத்துப் பயோஸில் புது ப்ராசஸருக்கான மைக்ரோகோடும் (ப்ராசஸருக்குள் ஏற்றும் திருத்த நிரல்) இருக்காது, அதன் மெமரி கண்ட்ரோலரை எழுப்பும் நிரலும் இருக்காது. ப்ராசஸரை மாட்டி ஆன் செய்தால் ஃபேன் சுற்றும். திரையில் ஒன்றும் வராது.

இந்த இடத்தில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘ஓடுற போர்டை நோண்டாதே’ என்பது மெக்கானிக்குகள் மத்தியில் பழைய பேச்சு. பாதி சரி. காரணமில்லாமல் பயோஸ் ஏற்றக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஸ்பெக்டர் மாதிரியான பாதுகாப்புக் குறைகளுக்கான மைக்ரோகோடைக்கூட விண்டோஸும் லினக்ஸும் துவங்கும்போது தாமே ஏற்றிக்கொள்ள முடியும். ஆனால் பேக்கப் எடுப்பது நோண்டுவது ஆகாது. ஏற்றப் போகிறோமோ இல்லையோ, பத்து வருடத்துக்கு மேலான எந்த முக்கியமான கணினிக்கும் பயோஸ் பேக்கப் இருந்தே தீர வேண்டும். இந்த போர்டில் இருந்தது வின்பாண்டின் டபிள்யூ25கியூ32 ஃப்ளாஷ் சிப். எழுதிய தரவு 20 வருடத்துக்கு மேல் நிற்கும் என்று அதன் தரவுத்தாள் சொல்கிறது. 2011-ல் எழுதிய சிப் அந்தக் கணக்கில் முக்கால் தூரத்தைக் கடந்துவிட்டது.

அந்த 4 எம்பிக்குள் என்ன இருக்கிறது

நிறையப் பேர் நினைப்பது: தயாரிப்பாளரின் தளத்தில் பயோஸ் கோப்பு இருக்கிறது, ஏதாவது ஆனால் அதை எடுத்து எழுதிக்கொள்ளலாம், தனியாகப் பேக்கப் எதற்கு? இந்த நினைப்பால்தான் பல போர்டுகள் பாதி உயிரோடு திரிகின்றன.

டபிள்யூ25கியூ32 என்பது 32 மெகாபிட், அதாவது 4 எம்பி. பைட் கணக்கில் 41,94,304. இண்டெலின் 6 வரிசைச் சிப்செட்டில் இந்த இடம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் 4 கேபி டிஸ்கிரிப்டர். எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யார் எதைப் படிக்கலாம், யார் எதில் எழுதலாம் என்பதை அதுதான் சொல்கிறது. அடுத்து எம்இ என்கிற மேனேஜ்மென்ட் எஞ்சின். சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் ஒரு சின்னக் கணினிக்கான ஃபர்ம்வேர் அது. இந்த வகைப் போர்டில் ஏறத்தாழ ஒன்றரை எம்பியைப் பிடித்துக்கொள்ளும். மீதி இரண்டரை எம்பிதான் நாம் பயோஸ் என்று சொல்லும் பகுதி. இண்டெல் லேன் உள்ள போர்டு என்றால் நடுவில் லேனுக்கென்று 8 கேபி தனியாக இருக்கும். இந்தப் போர்டில் இருந்தது ரியல்டெக் லேன், அதனால் அந்தப் பகுதி இல்லை.

பயோஸ் பகுதிக்குள்ளும் எல்லாம் பொதுவான நிரல் இல்லை. அந்த ஒரு போர்டுக்கு மட்டும் உரிய விவரங்கள் ஓர் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கும்: வரிசை எண், யூயூஐடி என்கிற தனி அடையாள எண், சில போர்டுகளில் லேன் முகவரி. பிராண்டட் கணினியாக இருந்தால் விண்டோஸ் 7-ஐ ஆக்டிவேட் செய்ய உதவும் ஸ்லிக் அட்டவணையோ, விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த கணினி என்றால் விண்டோஸ் சாவியோகூட இங்கேதான் இருக்கும்.

எங்கள் விஷயத்தில் கேள்வி ஒன்றே ஒன்று. அந்த லேன் முகவரி எங்கே இருக்கிறது? லேன் சிப்பிலேயே இருந்தால் கவலை இல்லை. பயோஸ் சிப்பில் இருந்தால் கடையின் பிழைப்பே அந்த 4 எம்பிக்குள் இருக்கிறது. சிப்பிலிருந்து எடுத்த டம்ப்பை, அதாவது முழு நகல் கோப்பை (எடுத்த விதம் பின்னால் வருகிறது), பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, கணினி காட்டிய லேன் முகவரியைத் தேடினேன். பயோஸ் பகுதியில், கடைசிப் பக்கமாக, பன்னிரண்டு எழுத்துகளாக அப்படியே உட்கார்ந்திருந்தது. தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கிய கோப்பில் அதே இடத்தைப் பார்த்தால் வெறுமை. வெற்று ஃப்ளாஷில் வரும் எஃப்எஃப் மட்டும் வரிசையாக நின்றது. தயாரிப்பாளரின் சொந்த ஏற்றும் கருவி இந்த இடத்தை மட்டும் தொடாமல் மற்றதை எழுதும்படி செய்யப்பட்டது. ஆனால் போர்டு டெட் ஆகி, வேறு வழியில்லாமல் அந்தக் கோப்பைப் புரோகிராமர் என்ற சிப் எழுதும் கருவியால் நேரடியாக எழுதினால் முகவரி போய்விடும். உரிமமும் அதோடு போகும்.

கடைக்கார அண்ணனைக் கூப்பிட்டு இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். “இந்தப் பன்னெண்டு எழுத்துக்குத்தான் இவ்வளவு பாடா?” என்று கேட்டார். ஆமாம், இதற்குத்தான்.

கணினிக்குள்ளிருந்தே ஏன் எடுக்கவில்லை

ஓடுகிற கணினியிலிருந்தே பயோஸைப் படிக்க வழிகள் உண்டு. லினக்ஸில் ஃப்ளாஷ்ராம் என்ற கருவி, விண்டோஸில் இண்டெலின் எஃப்பிடி. ஆனால் டிஸ்கிரிப்டரில் எம்இ பகுதிக்குப் பூட்டுப் போட்டிருந்தால் ப்ராசஸர் பக்கமிருந்து அந்தப் பகுதியைப் படிக்கவே முடியாது. இந்தப் போர்டிலும் பூட்டு இருந்தது. ஃப்ளாஷ்ராம் பயோஸ் பகுதியை மட்டும்தான் கொடுத்தது. ஏதுமில்லாததற்கு அது தேவலை. லேன் முகவரி அதில் வந்துவிடுகிறது. ஆனால் முழுப் பேக்கப் என்று அதை நம்ப முடியாது.

எம்இ ஏன் முக்கியம் என்றால், 6 வரிசைச் சிப்செட்டில் எம்இ 7-ம் பதிப்பு இருக்கும். ஐவி பிரிட்ஜ் போட எம்இ 8 வேண்டும். பயோஸோடு எம்இயும் ஏற வேண்டும். ஏறிய பிறகு 7-க்குத் திரும்ப வழக்கமான கருவிகள் விடாது. ஒருவழிப் பாதை. கியூ65, கியூ67, பி65 சிப்செட்டுகளுக்கு ஐவி பிரிட்ஜ் ஆதரவை இண்டெல் தரவே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய அலுவலகக் கணினி வாங்கி ப்ராசஸர் மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் சிப்செட்டைப் பாருங்கள். தயாரிப்பாளர் தளத்தில் ஒவ்வொரு ப்ராசஸருக்கும் குறைந்தபட்சப் பயோஸ் பதிப்பு போட்ட பட்டியல் இருக்கும். அதில் உங்கள் ப்ராசஸர் இல்லையென்றால் வேலையை அங்கேயே நிறுத்திவிடலாம்.

நல்ல வேளையாக இந்தப் போர்டில் சிப் எட்டுக் கால் சாக்கெட்டில் இருந்தது. சாலிடர் இல்லை. கையால் கழற்றி வெளியே எடுத்துப் படிக்கலாம். இதைப் பார்த்ததும்தான் முழு வேலையையும் எப்படிச் செய்வது என்று தீர்மானித்தேன்: ஒரிஜினல் சிப்பில் எதையும் எழுதப்போவதில்லை. அதைப் படிப்பதோடு சரி. அதன் நகலை இன்னொரு சிப்பில் எழுதி, மேம்படுத்தலை அந்த நகலில் செய்வது.

வெளியிலிருந்து படித்தது

சிஎச்341ஏ என்ற யூஎஸ்பி புரோகிராமர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கறுப்புப் பலகையில் வரும் மலிவு வகையில் ஒரு குறை உண்டு. சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் தரவுக் கால்களில் 5 வோல்ட் வரும். டபிள்யூ25கியூ32 3.6 வோல்ட் வரைக்குமான சிப். பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், நிறையப் பேர் அப்படியே பயன்படுத்துகிறார்கள். ஆனால் மாற்று இல்லாத ஒரே ஒரு சிப்பை வைத்துக்கொண்டு ‘பெரும்பாலும்’ என்று போக எனக்கு மனம் வரவில்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது தரவுக் காலில் 5-க்கு நெருக்கமாகக் காட்டியது. சிஎச்341ஏவின் 28-வது காலைப் பலகையிலிருந்து தூக்கி 3.3 வோல்ட்டில் சேர்த்து, 9-வது காலையும் அதோடு இணைப்பது பலரும் செய்யும் திருத்தம். அதைச் செய்தேன். சாலிடர் பழக்கம் இல்லாதவர்கள் வோல்ட்டேஜைத் தேர்ந்தெடுக்கும் வசதியுள்ள பலகையையே வாங்கிக்கொள்ளலாம்.

கழற்றுவதற்கு முன்னால் மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்தி மிச்சத்தை வடித்து, சிஆர்2032 பேட்டரியையும் எடுத்தேன். சிப்பின் ஒரு முனையில் சின்னப் புள்ளி இருக்கும். அதுதான் 1-ம் கால். சாக்கெட்டில் அது எந்தப் பக்கம் இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். திருப்பி மாட்டினால் மின்சாரக் காலும் கிரவுண்ட் காலும் இடம் மாறிவிடும். சிப் சூடேறிச் செத்துப்போகும். எடுக்கும்போது ஒரு பக்கமாக நெம்பாமல், மெல்லிய ஸ்க்ரூடிரைவரை இரு முனையிலும் மாற்றி மாற்றிக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். பதினைந்து வருடம் ஒரே இடத்தில் இருந்த கால்கள் சுலபத்தில் வளையும்.

புரோகிராமரில் வைத்ததும் சிப் தன் அடையாளத்தைச் சரியாகச் சொன்னது: ஈஎஃப் 40 16. ஈஎஃப் என்றால் வின்பாண்ட். 40 16 இந்த 32 மெகாபிட் வகை. ஒரு முறை படித்துக் கோப்பாக வைத்தேன், சிப்பை எடுக்காமல் மறுபடி படித்தேன். இரண்டுக்கும் ஷா-256 (கோப்பில் துளி மாறினாலும் மாறிவிடும் கைரேகை மாதிரியான எண்) எடுத்துப் பார்த்தால் ஒத்துப்போகவில்லை.

இதனால்தான் ஒரே ஒரு முறை படித்துவிட்டு நிறுத்தக் கூடாது என்கிறேன். முதல் கோப்பை, பயோஸ் கோப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் யூஇஎஃப்ஐ டூலில் திறந்தால் ஒன்றும் குறை தெரியவில்லை. டிஸ்கிரிப்டர், எம்இ, பயோஸ் எல்லாம் அழகாகப் பிரிந்து நின்றன. ஒற்றைப் படிப்போடு விட்டிருந்தால் பழுதான கோப்பையே நல்ல பேக்கப் என்று நம்பிப் பத்திரமாக வைத்திருப்போம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கால்களில் மங்கலான படலம். சிவகாசிப் புழுதியும் இத்தனை வருட ஈரமும் சேர்ந்தது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு காலையும் துடைத்து, காயவிட்டு, மறுபடி வைத்தேன். இப்போது அடுத்தடுத்துப் படித்தவை ஒத்துப்போயின. சிப்பை வெளியே எடுத்து மீண்டும் வைத்துப் படித்ததும் அதே ஷா-256 தந்தது. அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு பழையதை அழித்தேன். கோப்பு முழுக்க எஃப்எஃப் அல்லது முழுக்கப் பூச்சியமாக வந்தால் சிப் சரியாக உட்காரவில்லை என்று பொருள், அதை எடுத்துவைத்துவிடாதீர்கள்.

பேக்கப் வேலை செய்கிறதா

அடுத்தது மாற்றுச் சிப். அதே டபிள்யூ25கியூ32, அதே எட்டுக் கால் வடிவம். வேறு நிறுவனத்தின் 4 எம்பி சிப்பும் பல நேரம் ஓடும். ஆனால் எந்தெந்த ஃப்ளாஷ் சிப்பில் எப்படி எழுதுவது என்று டிஸ்கிரிப்டரில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் இல்லாத சிப்பைப் போட்டால் எம்இ தன் தரவை எழுதத் திணறலாம். அடையாள எண் ஒன்றாக உள்ள சிப்பையே வாங்குவது நல்லது.

மார்க்கெட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய போர்டுகளிலிருந்து கழற்றிய சிப்புகளையே சுத்தம் செய்து புதிது என்று கொடுப்பார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக வாங்கியது உதவியது. ஒன்றை அழித்துவிட்டு வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தால் ஓரிடத்தில் எஃப்எஃப் வராமல் பழைய மதிப்பே நின்றது. தேய்ந்த சிப். தனியாக எடுத்துக் குப்பையில் போட்டேன். அடுத்தது ஒழுங்காக அழிந்தது. பேக்கப்பை எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்து ஒப்பிட்டதில் ஒரு பைட்கூட மாறவில்லை.

நகல் சிப்பைப் போர்டில் மாட்டி, பேட்டரியைப் போட்டு, சீமாஸை (பேட்டரியில் நிற்கும் அமைப்பு நினைவகம்) கிளியர் செய்து ஆன் செய்தோம். பீப் ஒலித்தது. தேதி தவறு என்று கேட்டது, திருத்தினோம். விண்டோஸ் வந்தது, லேன் முகவரி அதேதான். அண்ணன் டைப்செட்டிங் மென்பொருளைத் திறந்து ஒரு வரி தட்டிப் பார்த்தார். திறந்தது.

இதற்குப் பெயர்தான் பேக்கப். ஹார்ட் டிஸ்கில் கிடக்கிற கோப்பைப் பேக்கப் என்று சொல்ல எனக்கு உடன்பாடில்லை. அதிலிருந்து ஒரு முறையாவது கணினி எழுந்திருக்க வேண்டும். ஒரிஜினல் சிப்பை நிலைமின் தடுப்பு உறையில் போட்டு ஒட்டினேன்.

ஒரு விஷயத்தில் குழம்ப வேண்டாம். இப்படி ஒரு முறை துவங்கிய பிறகு அந்த நகல் சிப்பைக் கழற்றிப் படித்தால் ஷா-256 பேக்கப்போடு ஒத்துப்போகாது. அது பழுது இல்லை. கணினி துவங்கும்போதெல்லாம் பயோஸ் தன் அமைப்புகளை என்விராம் என்ற பகுதியில் எழுதும். எம்இயும் தன் குறிப்புகளைத் தன் பகுதியில் எழுதிக்கொள்ளும். நான் பைட் பைட்டாக ஒப்பிட்டதில் வேறுபாடுகள் அந்த இரண்டு இடத்தில் மட்டும் இருந்தன. நிரல் பகுதி அப்படியே இருந்தது.

ஏற்றியது

இனி நடப்பதெல்லாம் நகல் சிப்பில். ப்ராசஸர் இன்னும் பழைய ஐ3-தான். பயோஸும் எம்இயும் ஏறி முடியும்வரை புதியதைத் தொடக் கூடாது. பழைய ப்ராசஸர் இரண்டு பதிப்புகளிலும் ஓடும், புதியது பழைய பதிப்பில் ஓடாது.

முதலில் பயோஸ் அமைப்புகளின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்தோம். எஃப்ஏடி32 செய்த சின்ன பென் டிரைவில் கோப்பைப் போட்டு, பயோஸுக்குள்ளேயே இருக்கும் ஏற்றும் கருவியிலிருந்து செய்தோம். விண்டோஸிலிருந்து ஏற்றும் கருவிகளும் உண்டு. நடுவில் ஆன்டிவைரஸோ வேறு எதுவோ குறுக்கிட்டால் பொறுப்பு யாருடையது? உள்ளே இருக்கும் கருவி இருக்கும்போது விண்டோஸ் வழி வேண்டாம். கணினி யூபிஎஸ்ஸில் இருந்தது; அந்த யூபிஎஸ் கரண்ட் இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று முன்னாலேயே கம்பியைப் பிடுங்கிப் பார்த்திருந்தோம்.

தயாரிப்பாளர் சொன்ன வரிசை: முதலில் ஓர் இடைநிலைப் பதிப்பு, அடுத்து எம்இ, கடைசியில் புதிய பயோஸ். இடைநிலைப் பதிப்பு ஒரு தொந்தரவும் இல்லாமல் ஏறியது. எம்இ ஏறி முடிந்து மறுதுவக்கம் ஆனபோது கணினி சில நொடி ஓடி அணைந்தது, தானே மறுபடி ஓடியது, மறுபடி அணைந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

“தம்பி?” என்றார்.

“ஒண்ணும் இல்லண்ணே. பழைய சிப்பு உறைக்குள்ளதான இருக்கு.”

எம்இ மாறிய பிறகு அது முழுதாகப் புதிதாய்த் துவங்க, போர்டில் துளி மின்சாரமும் இல்லாத நிலை ஒரு முறை வேண்டும். சாதாரணமாக அணைத்தால் போதாது. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) காத்திருப்பு மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்தி வடித்து, பேட்டரியையும் எடுத்துச் சிறிது நேரம் விட்டோம். பிறகு போட்டால் திரை வந்தது, எம்இ 8 என்று காட்டியது. கடைசிப் பயோஸும் ஏறியது. பதறிப்போய்ப் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்துவதற்கு அங்கே அவசியமே வரவில்லை. மிஞ்சிப்போனால் நகல் சிப்பைக் கழற்றிப் பேக்கப்பை மறுபடி எழுதி, முதலிலிருந்து தொடங்கியிருப்போம்.

புதிய பயோஸோடும் பழைய ஐ3-யோடும் ஒரு நாள் முழுக்கக் கடை வேலையை ஓடவிட்டோம். இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தால் சிக்கல் வரும்போது எதனால் என்று தெரியாது. மறுநாள் ப்ராசஸரை மாற்றி, புதுப் பேஸ்ட் தடவி, கூலரைப் பூட்டினோம். முதல் முறை மட்டும் திரை வரக் கொஞ்சம் தாமதித்தது. பயோஸ் ஐ5-3470 என்று சரியாகக் காட்டியது. ஐ3 65 வாட், இது 77 வாட். போர்டின் பட்டியலில் 95 வாட் ப்ராசஸர்களும் இருந்ததால் மின்வழங்கல் பற்றிக் கவலைப்படவில்லை.

விண்டோஸ் நீலத்திரை

ஏற்றம் நடந்த அன்றே, புதிய பயோஸோடு முதல் முறை விண்டோஸ் துவங்கியபோது நீலத்திரை வந்தது. கடைசி எண் 7பி. இதைப் பார்த்து விண்டோஸ் போய்விட்டது என்று ஃபார்மட் அடித்தவர்கள் உண்டு. காரணம் சாதாரணமானது. பயோஸ் ஏறியதும் எல்லா அமைப்புகளும் இயல்பு நிலைக்குப் போய்விடும். இந்தக் கணினியில் விண்டோஸ் 7-ஐ 2011-ல் நிறுவியபோது சாட்டா முறை (போர்டு டிஸ்கோடு பேசும் விதம்) ஐடிஇ என்ற பழைய வகையில் இருந்தது. புதிய பயோஸின் இயல்பு ஏஎச்சிஐ. விண்டோஸுக்குத் தன் டிஸ்கை அடையாளம் தெரியவில்லை. எடுத்துவைத்த படத்தைப் பார்த்து ஐடிஇக்கு மாற்றியதும் துவங்கியது. எஸ்எஸ்டி போடும்போது ஏஎச்சிஐதான் வேண்டும் என்பதால், பிறகு ரெஜிஸ்ட்ரியில் அதற்கான டிரைவர் துவக்கத்திலேயே ஏறும்படி செய்துவிட்டு முறையை மாற்றிக்கொண்டோம்.

பேட்டரியையும் புதிதாகப் போட்டோம். பழையது பலவீனமாக இருந்தால் தேதி பின்னால் போகும். தேதி பின்னால் போனால் பிரவுசரில் எந்தப் பாதுகாப்பான தளமும் சான்றிதழ்ப் பிழை என்று நிற்கும். அப்புறம் நெட் சரியில்லை என்று கேபிள்காரரோடு சண்டை நடக்கும்.

சிப் சாலிடர் செய்யப்பட்டிருந்தால்

எல்லாப் போர்டிலும் சாக்கெட் இருக்காது. பிராண்டட் டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் சிப் போர்டோடு சாலிடர் செய்யப்பட்டிருக்கும். அதற்கு எட்டுக் கால் கிளிப் கிடைக்கிறது. போர்டிலிருந்து எடுக்காமலே கவ்விப் படிக்கலாம். ஆனால் கிளிப் கொடுக்கும் 3.3 வோல்ட் சிப்செட்டுக்கும் போய் அது அரைத்தூக்கத்தில் விழித்துக்கொள்ளும், படிப்பது தடுமாறும். ஷா-256 ஒப்பீடு அங்கே இன்னும் அவசியம். எஸ்எம்பிஎஸ் இணைப்பு, பேட்டரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கம்பியைக் குட்டையாக வைத்துக்கொண்டு செய்தால் பெரும்பாலும் படிக்கும். சில அலுவலகக் கணினிகளில் டிஸ்கிரிப்டர் பூட்டைத் தற்காலிகமாகத் தளர்த்தும் ஜம்பர் போர்டிலேயே இருக்கும். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010-ல் சர்வீஸ் மோட் ஜம்பர் இருக்கிறது. அதை மாட்டித் துவங்கினால் எம்இ உட்பட முழுச் சிப்பையும் கணினிக்குள்ளிருந்தே படிக்கலாம், கிளிப்கூட வேண்டாம்.

சாலிடர் போர்டில் ஒரிஜினலைக் கழற்றி வைத்துவிட்டு நகலில் வேலை செய்யும் வசதி கிடையாது. அங்கே ஏற்றுவதா வேண்டாமா என்ற முடிவை இன்னும் கடுமையாக எடுப்பேன். இதே கடையில் சாலிடர் போர்டு இருந்திருந்தால் ரேமும் எஸ்எஸ்டியும் மட்டும் போட்டுவிட்டு, பயோஸைப் படித்து வைத்துக்கொண்டு, ப்ராசஸர் மாற்ற வேண்டாம் என்றுதான் அண்ணனிடம் சொல்லியிருப்பேன். பயோஸ் சிப்பில் யாரும் சுலபமாக எழுத முடிவது எவ்வளவு ஆபத்து என்பதை உலகம் 1999 ஏப்ரல் 26-லேயே பார்த்துவிட்டது. சிஐஎச் வைரஸ் அன்றைக்கு ஹார்ட் டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, இண்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் போர்டுகளின் பயோஸையும் அழித்துப் பார்த்தது. அப்படிப் போன போர்டுகளுக்கு சிப்பை மாற்றுவதோ வெளியிலிருந்து எழுதுவதோதான் வழி.

இப்போதைய நிலை

கடைக்கணினி ஐ5-3470, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டியோடு ஓடுகிறது. ஃப்ளெக்ஸ் கோப்பு திறந்திருக்கும்போதே பத்திரிகைக்குத் திருத்தம் போட முடிகிறது. டைப்செட்டிங் மென்பொருள் உரிமம் கேட்காமல் திறக்கிறது. விண்டோஸ் 7-க்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதால் அதற்கு நெட் இணைப்பு இல்லை. வாடிக்கையாளர் மெயில் பார்க்க எஸ்எஸ்டியில் தனிப் பிரிவில் லினக்ஸ் இருக்கிறது.

மேம்படுத்தல் முடிந்த பிறகு நகல் சிப்பையும் ஒரு முறை முழுதாகப் படித்துக் கோப்பாக எடுத்துக்கொண்டேன். பழைய கோப்பு, புதிய கோப்பு, இரண்டின் ஷா-256, பயோஸ் அமைப்புகளின் படங்கள் எல்லாம் அண்ணனுடைய பென் டிரைவிலும் அவர் மகனின் மெயிலிலும் இருக்கின்றன. ஒரிஜினல் சிப் உறையோடு கேபினெட்டின் உள்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறது. பக்கத்திலேயே ஐ3-2100 அதன் பிளாஸ்டிக் டப்பாவில். உறையின் மேல் மார்க்கரில் எழுதியது: ‘எம்இ 7 — இதைப் போட்டால் ஐ3-யும் சேர்த்துப் போடவும். ஐ5 இதில் எழாது. சாட்டா முறையை ஐடிஇயில் வைத்த பழைய ஹார்ட் டிஸ்க் மேல் தட்டில்.’